முட்டைக்கு மேல ஒரு சட்டை

குமாரி: அக்கா, இது ஓவரி இல்ல. வெறும் கொழுப்புக் கட்டி.

ஆரோக்கியம்: கொழுப்பா? ஆருக்கும்மே... பன்னிக்கா, எனுக்கா?

குமாரி: ரெண்டு பேருக்கும்தான். மூணு வருஷமா வாராவாரம் சனிக்கிழமை இந்தக் கடைக்கு வர்றேன். திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும், அதுதான் பன்னியோட முட்டைப் பைன்னு தொட்டுத் தொட்டுக் காட்டியாச்சு. இன்னும் கண்டதை அள்ளிப் போடுறீங்க.

ஆரோக்கியம்: கோச்சிக்காதம்மே. கிறிஸ்மஸுக்கு இன்னும் அஞ்சே நாளு. முத்தாபுதுப்பேட்டைல பாதி ஊட்டுக்கு இந்த ஆரோக்கியம்மாதான் கறி போட்டாவணும். எங்க ஊட்டுக்காரரு காலைலேர்ந்து ஏழு பன்னி வெட்டிட்டு குப்புறப் படுத்துக்கினாரு. அந்தப் பேஜாருலயும் பட்டாபிராமு, அம்பத்தூரு, பூந்தமல்லின்னு எல்லாக் கறிக்கடைக்கும் சொல்லி வெச்சி, உனுக்கோசரம் வாங்கியாந்து ஐஸுல போட்டு வெச்சிகீறேன். ஒரு தேங்ஸு? ஊஹும். வந்ததும் கொழுப்பு!

குமாரி: தேங்ஸ்க்கா, தேங்ஸ்க்கா. மொத்தம் எத்தன இருக்கு?

ஆரோக்கியம்: நூத்திப்பத்து இருக்கும். சிலது சின்னது.

குமாரி: எனக்கு நூறு வேணும். நல்லதா, சுத்தமா. ஒட்டிக்கிட்டிருக்கற கொழுப்பு, கொழாய், ஜவ்வு எல்லாத்தையும் வழிச்சுட்டு, ஐஸ் ஃப்ளாஸ்க்ல போட்டு, ஆறு மணி டிரெய்னைப் புடிக்கணும். லேப்ல எனக்காகக் கதவைத் தொறந்து வெச்சிருக்காங்க.

ஆரோக்கியம்: அத்தொட்டுதான் ஒரு ஆளு சேத்துகீறேன். நைனா... குனிஞ்ச தலை நிமிரல நீங்க. இதுவரிக்கும் கிண்ணத்துல எத்தினி?

பைக்காரர்: பதினொண்ணுங்க.

குமாரி: இவரு யாருக்கா?

ஆரோக்கியம்: கஸ்டமரு. கைல பையோட வந்து குந்திகினு இருந்தாரு. கறி போட லேட்டாவும் நைனா, சொம்மா குந்தறதுக்கு இந்தக் கத்தியப் புடின்னு குட்த்தேன்.

குமாரி: ஐயய்யோ, அக்கா! வர்றவங்க போறவங்க கையிலெல்லாம் குடுப்பீங்களா? சாரி சார். நீங்க எழுந்திரிங்க, நான் பாத்துக்கறேன்.

பைக்காரர்: பரவால்லீங்க. எனக்கும் பொழுது போவுது. இது எதுக்குன்னு மட்டும் சொன்னீங்கன்னா... வழிக்கறதுக்கு ஒரு இதுவா இருக்கும்.

குமாரி: அதை விடுங்க சார். சொன்னா எந்திரிச்சு ஓடிடுவீங்க.

ஆரோக்கியம்: நான் சொல்றேன் நைனா. இந்தப் பைக்குள்ள பொடிப் பொடியா முட்டை கீதாம். கோழி முட்டை மாதிரி இல்ல, கண்ணுக்கே தெரியாதாம். அந்த முட்டை மேல ஒரு சட்டை போட்டுகினு கீதாம். இது பாப்பா இன்னா பண்ணுது... அந்தச் சட்டையக் கயட்டிகினு போவுது!

குமாரி: அக்கா! கழட்டறதாம் கழட்டறது... மானத்தை வாங்காதீங்க.

ஆரோக்கியம்: பின்ன? கயட்டலையா நீ?

குமாரி: ...கழட்டறதுதான். ஆனா அப்படியா சொல்றது?

பைக்காரர்: முட்டைக்கு எதுக்குங்க சட்டை? குளிருதா?

குமாரி: சார், நீங்களுமா! சரி, கையைப் பாத்து வழிங்க, சொல்றேன். அந்தச் சட்டை நூலால நெய்த மாதிரி இருக்கும். நூலுன்னா புரோட்டீன். மூணு வகை. பேரெல்லாம் வெக்கல, நம்பர்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஆரோக்கியம்: எங்க ஊட்டுல அஞ்சு புள்ளைக்கு அவரு வெச்சிகீற பேரு மாதிரி. பெர்சு, ரெண்டாவுது, மூணாவுது...

குமாரி: மூணாம் நம்பருதான் முக்கியம். ஆம்பளை உயிரணு வந்து சேருதுல்ல, ஆயிரக்கணக்குல முட்டி மோதிக்கிட்டு? அது உடனே உள்ள போயிட முடியாது. மூணாம் நம்பரு வாசல்லயே நிறுத்தி, நீ நம்ம ஆளான்னு பாக்கும். அது மேல சர்க்கரை மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. பொருந்துச்சுன்னா புடிச்சு வெச்சுக்கும். வேற ஜாதி மிருகத்தோடதுன்னா வழுக்கி விட்டுரும்.

பைக்காரர்: கேஜ் மாதிரின்னு சொல்லுங்க.

குமாரி: கேஜா?

பைக்காரர்: அளவு பாக்கறதுக்கு வெச்சிருப்பாங்கங்க. போல்ட்டை விட்டுப் பாக்கறது. சரியான அளவுன்னா போவும். இல்லைன்னா வாசல்லயே நின்னுடும். கெஞ்சினாலும் போவாது.

குமாரி: ஆமா! கரெக்ட் சார். எங்க கைடுகூட எனக்கு இவ்ளோ தெளிவாச் சொல்லல. நீங்க எங்க வேல செய்றீங்க?

பைக்காரர்: அது... ஒரு சின்னக் கம்பெனிங்க.

ஆரோக்கியம்: கேள்வி கேட்டா கை நின்னு பூடும் அவருக்கு. நீ மேல சொல்லும்மே. ரெண்டாம் நம்பரு இன்னா பண்ணுது?

குமாரி: மூணு வாசல்ல புடிக்குது. ரெண்டு, அதை நழுவாம இழுத்து வெச்சுக்குது. ஒண்ணாம் நம்பரு நூலையெல்லாம் சேத்துக் கட்டி வெக்குது. ஒரே ஒரு ஆளு உள்ள போனதும் அந்தச் சட்டை கெட்டியாயிடும். அதுக்கப்புறம் எவன் வந்து தட்டினாலும் தொறக்காது. இப்போதைக்கு அப்படித்தான் சொல்றாங்க.

ஆரோக்கியம்: மிலிட்டரி டேங்கு ஃபேக்டரில சங்கு ஊதினதும் கேட்டை மூடற மாதிரி.

குமாரி: அதேதான். எங்கப்பா டேங்குக்குத் தகடு அடிக்கறாரு. நான் முட்டையோட தகட்டை உரிக்கறேன்.

ஆரோக்கியம்: எனுக்கு மட்டும் அந்த மூணாம் நம்பரு ராவும் பகலும் தூங்கிகினே இருந்துச்சி போல. ஆறு வருஷத்துல அஞ்சு!

பைக்காரர்: இருபத்தாறு ஆச்சுங்க. ஒண்ணு கேக்கட்டுங்களா... பன்னி சட்டையை வெச்சு மனுஷங்களுக்கு இன்னா பிரயோஜனம்?

குமாரி: மனுஷி முட்டை நூறு எந்தக் கடைல சார் கிடைக்கும்? பன்னியோட சட்டையும் நம்ம சட்டையும் ரொம்பக் கிட்டக் கிட்ட. சில பொம்பளைங்க இருக்காங்க... ஒடம்புல ஒரு கோளாறும் இருக்காது. புருஷனுக்கும் இருக்காது. பத்து வருஷம் ஆனாலும் புள்ளை நிக்காது. சிலருக்கு அவங்க ரத்தமே இந்தச் சட்டையை அன்னியம்னு நெனச்சு, மேல போய் அப்பிக்குதோன்னு ஒரு சந்தேகம். வாசலை அடைச்சுட்டா எவன் உள்ள போறது? அது யாருக்கும் தெரியாது. ஊரு மட்டும் மலடின்னு பேரு வெச்சுடும். இந்த மூணாம் நம்பரைச் சுத்தமாப் பிரிச்சு எடுத்துட்டா, அதுமேல ஒரு சொட்டு ரத்தத்தை விட்டு, அப்பிக்குதான்னு பாத்துடலாம்.

பைக்காரர்: பெரிய வேலைங்க.

குமாரி: வேலை பெருசுதான்... விடுங்க. அக்கா, ஐஸைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க.

ஆரோக்கியம்: இன்னாம்மே, வந்ததுலேர்ந்து பாக்கறேன், சிரிக்கற மாதிரி சிரிக்கற, மூஞ்சில ஒண்ணும் காணோம்.

குமாரி: ஒண்ணுமில்ல.

ஆரோக்கியம்: என்னாண்ட டபாய்க்காத.

குமாரி: ...இதுதான்க்கா கடைசி சனிக்கிழமை.

ஆரோக்கியம்: இன்னாது?

குமாரி: திங்கக்கிழமைலேர்ந்து லேபுக்குப் போகக் கூடாதாம். குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டக் கூடாதாம். அப்பா சொல்லிட்டாரு. இன்னிக்கும் ஃப்ரெண்டு வீட்டுக்குக் கேக் பண்ணப் போறேன்னு பொய் சொல்லிட்டுதான் வந்தேன். இந்த நூறுல புரோட்டீன் கிடைச்சா என் தீசிஸ்ல கடைசி டேபிளை எப்படியாவது நெரப்பிடுவேன். கிடைக்கலைன்னா மூணு வருஷமும் குப்பைத் தொட்டிலதான்.

ஆரோக்கியம்: உங்கப்பா நல்ல மன்சனாச்சே! இன்னாத்துக்கு அப்டிச் சொல்றாரு?

குமாரி: அந்தச் சம்பந்தம் வந்துச்சுல்ல... டேவிட்டு.

ஆரோக்கியம்: நைனா, கைய... கையப் பாத்து!

பைக்காரர்: இல்லீங்க, வழுக்கிடுச்சு.

குமாரி: பாத்து சார், அதுக்குள்ளதான் முட்டை இருக்கு. அழுத்தாதீங்க... அம்பத்தூர் எஸ்டேட்ல இன்ஸ்பெக்ஷன்ல இருக்கானாம் அந்த ஆளு. எதைத்தான் இன்ஸ்பெக்ட் பண்றானோ.

பைக்காரர்: போல்ட்டு நட்டா இருக்கும்ங்க.

குமாரி: என்னமோ இருக்கட்டும். அவங்கம்மா போட்ட முதல் கண்டிஷனே, நிச்சயம் ஆன மறுநாளே படிப்பை நிறுத்தணும்னு. நான் முடியாதுன்னேன். அப்பா சரி சரின்னு இழுத்துக்கிட்டே இருந்தாரு. இதுக்கு நடுவுல போன வாரம் அந்தம்மா யாரையோ விசாரிச்சிருக்கு. யாரோ என்னமோ சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிடுச்சு. எங்க குவார்ட்டர்ஸ்ல இருக்கற லோகநாயகி மாமி வரைக்கும் வந்துடுச்சுன்னா பாத்துக்கோங்க.

ஆரோக்கியம்: இன்னான்னு... சொல்லிச்சாம்?

குமாரி: பொண்ணுக்குக் கர்ப்பப்பைல ஏதோ கோளாறாம். புள்ளை பொறக்காதாம். அதுக்கு மருந்தா வாராவாரம் பன்னி முட்டைப் பையை வாங்கி, மெளகு போட்டு வறுத்துத் தின்னுதாம்.

பைக்காரர்: ஹும்...

குமாரி: சிரிக்காதீங்க சார்! ரத்தம் கொறைஞ்சா ஆட்டு மண்ணீரலு, அதான் சுவரொட்டி, திங்கறோம்ல, அந்தக் கணக்குப் போட்டிருக்கு அந்தம்மா. எங்கம்மா மூணு நாளா அழுவுது. அப்பா ஒரே கேள்விதான் கேட்டாரு. பன்னிக் கடைக்குப் போறது நெஜமான்னு. நெஜம்னேன். அந்தப் பையை வாங்கறது நெஜமான்னாரு. அதுவும் நெஜம்னேன். போதும்மா ஆராய்ச்சி, இனிமே எந்த மாப்பிள்ளை வருவான்னு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு. நான் யாருக்காக இந்தக் கழுதை வேலை செய்யறேனோ, அதே பட்டத்தை எனக்கே கட்டிட்டாங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்குக்கா.

பைக்காரர்: அந்த... டேவிட்டு ஒண்ணும் சொல்லலைங்களா?

குமாரி: அவனா? வாயே இல்ல போல அந்த ஆளுக்கு. அம்மா சொன்னா ஆமான்னு தலையை ஆட்டிட்டு, டிவி முன்னாடி ஒக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டிருப்பான். ஆம்பளையா இருந்தா நேரா வந்து கேக்கணும்ல, இது உண்மையான்னு?

பைக்காரர்: கேக்கணும்ங்க. கண்டிப்பா.

ஆரோக்கியம்: ஆளு எப்டிமே இருப்பாரு? போட்டோ குட்த்தாங்களா?

குமாரி: குடுத்தாங்க. கவரைப் பிரிக்கவே இல்ல. அப்படியே பைபிளுக்குள்ள வெச்சுட்டேன்.

பைக்காரர்: ஏங்க பிரிக்கல?

குமாரி: பிரிச்சுப் பாத்து... புடிச்சுப் போச்சுன்னா என்ன சார் பண்றது? தீசிஸ் பாதில நிக்குது.

ஆரோக்கியம்: ஹாஹ்ஹா! கேட்டீங்களா நைனா? பொண்ணு இன்னா உஷாரு பாத்தீங்களா?

பைக்காரர்: கேட்டேங்க... எழுவத்தஞ்சு.

குமாரி: எழுபத்தஞ்சா! சார், உங்க கை சரியான கை. லேப்ல இருக்கற பசங்க இதைத் தொடறதுக்கே மூக்கைப் பொத்துவாங்க. மணி என்னக்கா?

ஆரோக்கியம்: அஞ்சு. டயம் கீது. குமாரி... கொஞ்சம் கத்திய வெய்யி. ஒண்ணு சொல்லணும்.

குமாரி: வழிச்சுக்கிட்டே கேக்கறேன், சொல்லுங்க.

ஆரோக்கியம்: வேணாம், கத்திய வெச்சிடு. கைல கத்தியோட நீ இத்தக் கேக்கக் கூடாது.

குமாரி: என்னக்கா, பயமுறுத்துறீங்க?

ஆரோக்கியம்: போன வாரம் புதங்கெழம ஒரு அம்மா வந்துச்சி. பட்டுப் பொடவை, கைல கொடை. மூக்குல கர்ச்சீப்பு. அந்தாண்டயே நின்னுகினு, ஞானகுமாரின்னு ஒரு பொண்ணு இங்க வருதாமே, எப்டின்னுச்சி. தங்கமான பொண்ணும்மா, வாராவாரம் வரும், பன்னி முட்டைப் பை வாங்கிகினு போவும்னேன்.

குமாரி: அக்கா...

ஆரோக்கியம்: உள்ளத உள்ளபடிதான்மே சொன்னேன்! அந்தம்மா மூஞ்சி செத்துப் பூடிச்சி. எத்தினி வருஷமான்னுச்சி. மூணு வருஷம்னேன். ஓஹோ, அம்மாம் பெரிய கோளாறான்னுச்சி. எனுக்கு அப்பவே புரிஞ்சிட்சி, இது இன்னா நெனச்சிகிச்சின்னு.

குமாரி: புரிஞ்சும் இல்லைன்னு சொல்லலையா?

ஆரோக்கியம்: சொல்லல.

குமாரி: ஏன்க்கா?

ஆரோக்கியம்: சொல்ல வாயத் தொறந்தேன். சொன்னா இன்னா ஆவும்? தைக்கு உனுக்குக் கண்ணாலம். படிப்ப மூட்ட கட்டிகினு அம்பத்தூருக்குப் பூடுவ. இந்தக் கடைல காலைலேர்ந்து பொழுதுக்கும் கொழுப்பு எம்மாம், எலும்பு எம்மாம்னுதான் கேக்கறானுங்க. நீ ஒருத்திதான் வந்து குந்தி, அக்கா உங்களுக்கு ஒண்ணு தெரியுமான்னு ஒலகத்துல கீறத எல்லாம் சொல்ற. அத்த நெனச்சேன்... வாய மூடிகினேன். சர்ச்சுல போயி தண்டோரா போடும்னு சத்தியமா நெனிக்கலம்மே. பத்து நாளா சோறு எறங்கல எனுக்கு. வேணும்னா அந்த ஐஸை எடுத்து என் மண்டைல போடு. திட்டேன்மே!

குமாரி: திட்ட எனக்கு யோக்கியதை இல்லக்கா.

ஆரோக்கியம்: இன்னாது?

குமாரி: யோசிச்சுப் பாருங்க. அம்பத்தூர்ல இருக்கற அந்தம்மாவுக்கு முத்தாபுதுப்பேட்டைல உங்க கடை இருக்கறது எப்படித் தெரியும்?

ஆரோக்கியம்: ...எப்டி தெரியும்?

குமாரி: நான்தான் சொல்லி அனுப்பினேன். எங்க அத்தை மூலமா. என்னைப் பத்தி விசாரிக்கணும்னா பாதரைக் கேக்க வேணாம், டீச்சரைக் கேக்க வேணாம், கறிக்கடை ஆரோக்கியம்மாவைக் கேக்கச் சொல்லுங்கன்னேன்.

ஆரோக்கியம்: அடிப்பாவி!

குமாரி: உங்க வாயை நம்பித்தான்! பன்னி, முட்டைப் பை, ரத்தம், ஐஸுன்னு நீங்க ஆரம்பிச்சா அந்தம்மா பாதிலயே கொடையை விரிச்சுக்கிட்டு ஓடிடும்னு நெனச்சேன். சம்பந்தம் தானா அறுந்துடும், அப்பா என்மேல கோவப்பட முடியாது, நான் பாட்டுக்கு தீசிஸை முடிச்சுடலாம்னு கணக்குப் போட்டேன். இப்படிக் கோளாறுன்னு திரும்பும்னு யாரு கண்டா?

ஆரோக்கியம்: நான் பத்து நாளு சாமி முன்னால முட்டி போட்டுகினு அழுதேன். எல்லாம் உன் வேலையா? நல்லா இருப்ப நீ!

குமாரி: சாரிக்கா. நெஜமா சாரி. இது யாருக்கும் தெரியக் கூடாது. சார்... நீங்களும் தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க. அந்த டேவிட்டு காதுக்கு மட்டும் போச்சுன்னா என் மானமே போயிடும்.

பைக்காரர்: என் வாயால அவருக்குச் சொல்ல மாட்டேங்க. தொண்ணூத்தி நாலு.

ஆரோக்கியம்: ஹா... ஹாஹ்ஹா... ஐயோ, யேசுவே...

குமாரி: எதுக்குக்கா இப்படிச் சிரிக்கறீங்க? கண்ணுல தண்ணி வருது உங்களுக்கு.

ஆரோக்கியம்: இரு, இரு... மூச்சு உட்டுக்கறேன். நீ ஒண்ணு மறைச்ச, நான் ஒண்ணு மறைச்சேன், ரெண்டும் சரியாப் பூட்ச்சி. ஆனா என்னாண்ட இன்னும் ஒண்ணு கீது.

குமாரி: இன்னுமா?

ஆரோக்கியம்: முந்தாநேத்து, வியாயக்கெழம, விசாரிக்க இன்னோரு ஆளு வந்தாரு. மூக்கப் பொத்தல. எங்கம்மா சொல்றது உண்மையான்னு நேரா கேட்டாரு. நான் உன் முட்டை, சட்டை, மூணாம் நம்பரு எல்லாத்தையும் எனுக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். ஆராய்ச்சியான்னாரு. ஆமான்னேன். நான் பாக்கலாமான்னாரு. சனிக்கெழம நாலு மணிக்கு வாங்க, கைல ஒரு பையை வெச்சிகினு கஸ்டமரு மாதிரி குந்துங்க, கேக்கறதுக்கு மட்டும் வாயத் தொறங்கன்னேன்.

குமாரி: ...பையோடயா?

ஆரோக்கியம்: அவரு ஜென்மத்துல பன்னிக்கறி துன்னதே இல்லியாம்மே! நைனா, எத்தினி நாழி குனிஞ்சிகினே இருப்பீங்க? நிமிந்து நீங்களே சொல்லுங்க.

பைக்காரர்: நூறு ஆச்சுங்க, ஃப்ளாஸ்கைத் தொறங்க... காலைலயே ஃபேக்டரி கேட்டுல உங்க அப்பாவைப் பாத்து எல்லாம் சொல்லிட்டேன், திங்கக்கிழமை நீங்க லேபுக்குப் போகலாம், எங்கம்மாவும் நாளைக்கு சர்ச்சுல தான் சொன்னது தப்புன்னு அவங்க வாயாலயே சொல்வாங்க. நீங்க வீட்டுக்குப் போனதும் அந்தக் கவரை மட்டும் பிரிச்சுப் பாருங்க... போட்டோல மீசை கொஞ்சம் பெருசா இருக்கும், புடிக்கலைன்னா பரவால்லீங்க, தீசிஸ் முடியற வரைக்கும் சனிக்கிழமை வந்து வழிச்சுக் குடுத்துட்டுப் போறேன்.